கொடியைப் பார்த்துத் துணி வெட்டுங்கள்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தையல் மெஷினின் மூடியைத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தைக்க ஆசைப்படுவது ஒரு மெத்தை செட். ஓரத்தில் சுருக்கு வைத்த சின்ன மெத்தை, இரண்டு உருளைத் தலையணை, நடுவில் ஒரு குட்டித் தலையணை, அதே நிறத்தில் ஸ்ட்ரோலருக்கு ஒரு திண்டு. துணி எடுப்பதில் தொடங்கி பஞ்சு அடைப்பது வரை விட்டுவிட்டு இரண்டு வாரம் வேலை ஓடும். முடிந்த பிறகோ, அந்த செட் படுக்கையில் கிடப்பதைவிட வாளியில் ஊறுவதும் மொட்டை மாடியில் காய்வதுமே அதிகம். குழந்தை ஒரு தடவை பால் கக்கினால் முழுத் திண்டையும் துவைக்க வேண்டும். துவைத்த திண்டு மறுநாள் மாலையிலும் நடுவில் ஈரமாக இருக்கும். அதுவரை வண்டியில் போட வேறு திண்டு கிடையாது, தைத்தது ஒன்றுதானே.

இந்த அத்தியாயம் சொல்லவரும் சங்கதி ஒன்றுதான். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோர் எதைத் தைக்கலாம், எதைத் தைக்க வேண்டாம் என்பதை அழகோ ஆசையோ முடிவு செய்யக் கூடாது. துணி காயும் கொடிதான் முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி அழுக்காகிறது, ஆனாலும் குழந்தையின் எடையைத் தாங்குவதில்லை, அதன் மூச்சுக்குக் குறுக்கே வருவதில்லை என்றால் அது வீட்டில் தைக்க ஏற்ற பொருள். அப்படிப்பட்டதை மெல்லியதாக, தட்டையாக, ஒரே அளவில் குறைந்தது மூன்றாகத் தைக்க வேண்டும். ஒன்று உபயோகத்தில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்காவதும் வேண்டியிருக்கும். துணித் தேர்வு, வெட்டும் அளவு, தையலின் வகை, செலவாகும் நேரம் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து தாமாகவே வந்துவிடும் என்பதைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

துணி

ஈரத் துணி மேற்பரப்பு வழியாகவே காய்கிறது. ஆனால் அது பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் அதன் கனத்தைப் பொறுத்தது. ஒரே நீள அகலமுள்ள இரண்டு துணிகளில் தடித்தது கூடுதல் தண்ணீரைக் குடித்துவிட்டு, அதே அளவு பரப்பின் வழியாக அதை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. நடுவில் ஸ்பாஞ்சோ பஞ்சோ இருந்தால் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும்; வாடையும் பூஞ்சையும் அங்கேதான் ஆரம்பம். தேங்காய்ப்பூ துண்டு நிறையத் தண்ணீர் உறிஞ்சும் என்பது உண்மை, ஆனால் அந்த வளைய நூல்கள்தான் அது காயத் தாமதமாவதற்கும் காரணம். மழைக்காலத்தில் குழந்தைத் துணிக்கு அது ஏற்றதல்ல. அதற்குப் பதில் நம்மிடம் ஈரிழைத் துண்டு இருக்கிறது. மெல்லிய நெசவு, நன்றாக உறிஞ்சும், ராத்திரி ஃபேன் காற்றில் போட்டால் காலையில் எடுத்து மடிக்கலாம். அதற்கு அடுத்தபடியாக மல் துணி. உறிஞ்சும் திறன் கூடுதலாக வேண்டும் என்றால் தடித்த துணிக்குப் போகாமல் மெல்லிய துணியை இரண்டு மடிப்பாக்கி ஓரங்களை மட்டும் தையுங்கள். குறுக்கே கோடுகோடாகத் தைத்து அடுக்குகளை ஒட்டவைக்காமல் விட்டால் இரண்டுக்கும் நடுவே காற்று புகும், சீக்கிரம் காயும்.

பழைய வேட்டியும் பழைய பருத்திச் சேலையும் குழந்தைக்கு நல்லவை என்று பாட்டிமார் சொல்வதற்குத் துணியிலேயே காரணம் இருக்கிறது. புதுத் துணியில் நெசவுக்காகப் போட்ட கஞ்சியும் கடைக்காகப் போட்ட மெருகும் இருக்கும். பலமுறை துவைத்த துணியில் அவை போய், இழைகள் தளர்ந்து, உறிஞ்சும் தன்மை கூடியிருக்கும். சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் போயிருக்கும். எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 3.6 மீட்டர் நீளம் வரும் என்பதால் ஒரே வேட்டியில் ஒரு பருவத்துக்கு வேண்டிய துணி கிடைத்துவிடும். ஆனால் முழு வேட்டியும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இழை விலகித் தெரியும் இடங்களைப் பென்சிலால் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தை இரண்டு கையாலும் பாவு வாட்டத்திலும் ஊடு வாட்டத்திலும் வெடுக்கென்று இழுங்கள். கிழிந்தால் அது தரை துடைக்கத்தான் ஆகும். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட வேண்டும். தோலில் உராயும், இழை பிரிந்தால் குத்தும்.

புதுத் துணி வாங்குவதானால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்குவது சாதாரணம், நீளவாட்டில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். துவைக்காமல் வெட்டித் தைத்தால் மேல் துணி ஓர் அளவிலும் அடித் துணி வேறோர் அளவிலும் சுருங்கி, விரிப்பு அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். அடர் நிறத் துணியை வெள்ளைத் துணியின் ஈர நுனியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு ஆகாது. பனியன் துணி மிருதுவானது, திருப்பூர்ப் பக்கம் வெட்டுத் துண்டுகளாக எடைபோட்டு மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அது இழுபடும் துணி என்பதால் நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையலும் முனை மழுங்கிய ஊசியும் வேண்டும். வெறும் நேர்த்தையல் மட்டும் வரும் மிதி மெஷின் வைத்திருப்பவர்கள் நெய்த துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மல் துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, துண்டுத் துணிக்கு 14, கேன்வாஸ் மாதிரி தடித்ததற்கு 16. இந்த மூன்றும் கைவசம் இருந்தால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் போதும்.

எல்லைக்கோடு

எதைத் தைப்பது என்பதைவிட எதைத் தைக்காமல் விடுவது என்பதே பெரிய முடிவு. தூங்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். குழந்தையைக் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், அதில் தலையணை, திண்டு, தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் நெடுநாள் அறிவுரை. 2022இல் வெளியிட்ட திருத்தப்பட்ட பரிந்துரையும் அதையே சொல்கிறது. தொட்டிலின் உள்சுவரைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்புகளை விற்கக் கூடாது என்று அமெரிக்கா அதே ஆண்டு சட்டமே போட்டது. முகம் அந்த மெத்தையில் புதைந்தால் விலக்கிக்கொள்ளும் பலம் கைக்குழந்தையின் கழுத்துக்கு இல்லை என்பதுதான் காரணம். நம் கடைகளில் கொசுவலையோடு விற்கும் மெத்தை செட்களில் தலையணையும் உருளைத் திண்டும் தவறாமல் இருக்கும்; அவற்றைப் பார்த்து வீட்டில் தைப்பவர்களும் அவற்றையே தைக்கிறார்கள். கடையில் விற்கிறது என்பதால் ஒரு பொருள் பத்திரமானது ஆகிவிடாது. தலை வடிவத்துக்கென்று சொல்லி அடைக்கும் கடுகுத் தலையணைக்கும் இது பொருந்தும். தலையைத் தாங்கவோ உடலை ஒரு நிலையில் பிடித்து நிறுத்தவோ உருவாகும் எதையும் வீட்டில் தைக்க வேண்டாம். பிறந்த சில மாதக் குழந்தைக்கு ஸ்ட்ரோலர் சமமாகச் சாய வேண்டும். சாயாத வண்டியைத் திண்டு வைத்துச் சரிக்கட்டப் பார்ப்பது தவறான வழி.

அடுத்தது வெயில். வண்டியின் குடைமூடிமேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டால் குழந்தைக்கு நிழல் கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயில் நாட்களில் இதை அளந்து பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ந்த மஸ்லின் துணியால் மூடிய வண்டியின் உட்புற வெப்பம், மூடாத வண்டியைவிட 2.6 டிகிரி செல்சியஸ் கூடியது. தடித்த ஃபிளானல் வகைத் துணியால் மூடியபோது 3.7 டிகிரி கூடியது. துணி வெயிலைத் தடுத்ததோடு காற்றோட்டத்தையும் தடுத்துவிட்டதுதான் காரணம். நனைத்த மஸ்லினோடு சின்ன ஃபேனும் சேர்ந்தபோது வெப்பம் 4.7 டிகிரி குறைந்தது. ஆனால் இதைக் கேட்டதும் ஈரத்துணி மூடி தைக்கக் கிளம்பிவிடக் கூடாது. ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்தப் பலன் குறையும், துணியும் காயக் காயத் திரும்ப நனைக்க வேண்டும். ஆகவே முழு மூடி தைப்பதை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் குடைமூடியின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கும் நிழல்பட்டை தைக்கலாம். அதன் பக்கவாட்டும் கீழ்ப்புறமும் திறந்தே இருக்க வேண்டும், தள்ளுபவருக்குக் குழந்தையின் முகம் தெரிய வேண்டும்.

மூன்றாவது, சின்னச் சாமான்களும் கயிறும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் பொருள்களில் எந்தத் துண்டு தொண்டையில் சிக்கும் என்று பார்க்க அமெரிக்கா வைத்திருக்கும் சோதனைக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கிவிடும் எந்தப் பொருளும் ஆபத்தானது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டமே 27 மில்லிமீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் சட்டைப் பட்டன், மணி, சலங்கை, குஞ்சத்தின் முடிச்சு எல்லாமே தள்ளுபடி ஆகிவிடும். கயிறு கழுத்தைச் சுற்றும். வாயில் வைக்கும் சூப்பானைச் சட்டையோடு கோத்துவைக்கும் பட்டை 220 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி; ஏறக்குறைய ஒரு சாண். வண்டியில் நீங்கள் தைத்துப் பொருத்தும் எந்த நாடாவும் அதற்கு மேல் தொங்க வேண்டாம். வண்டியின் கீல்களுக்கு அருகே எதையும் கட்டக் கூடாது. வண்டியை விரிக்கும்போது குழந்தைகளின் விரல் நுனி கீலில் சிக்கியதால் 2009இல் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை கொடுக்க வேண்டி வந்தது. பளிச்சென்ற ரிப்பன் அங்கே கட்டியிருந்தால் குழந்தையின் கை அதைத் தேடித்தான் போகும். கைப்பிடியில் மாட்டும் பெரிய பையும் வேண்டாம். கைப்பிடி பின்சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் குழந்தையைத் தூக்கியதும் பையின் கனம் வண்டியைப் பின்பக்கம் சாய்த்துவிடும். பைக்கு இடம் அடிக்கூடை.

தைக்க வேண்டிய நான்கு

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்று கேட்கலாம். நாள்தோறும் அழுக்காகும் நான்கு பொருள்கள் மிஞ்சுகின்றன, அவற்றில் மூன்று வெறும் நேர்க்கோட்டுத் தையல். முதலாவது தோளில் போடும் வாய்த்துடைப்புத் துணி. 44 அங்குல அகல மல் துணியில் ஒரு மீட்டர் வாங்கித் துவைத்தபின் 26 சென்டிமீட்டர் அகலம், 31 சென்டிமீட்டர் நீளம் என்று வெட்டினால் குறுக்கே நான்கு, நீளத்தில் மூன்று, ஆகப் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். இரண்டிரண்டாக நல்ல பக்கங்களை உள்ளே வைத்துச் சேர்த்து, ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றித் தைத்து, நான்கு விரல் இடைவெளி விட்டுத் திருப்பி, ஓரத்தில் ஒரு மேல்தையல் போட்டால் இரட்டை மடிப்பில் ஆறு துணி தயார். இதோடு சேரும் மார்புத்துணிக்கு, அதாவது பிப்புக்கு, ஏற்கெனவே பொருத்தமாக இருக்கும் ஒன்றைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டுங்கள். கழுத்தில் நாடா வைத்துக் கட்டாமல் பின்பக்கம் பிரஸ் பட்டன் வையுங்கள்; சின்னச் சாமான் விதிக்கு இது ஒன்றே விலக்கு. மெல்லிய துணியில் பட்டன் பிய்த்துக்கொண்டு வரும் என்பதால் இரண்டு அடுக்குக்கும் நடுவே சின்னதாக ஒரு தடித்த துணித் துண்டை வைத்து அதன்மேல் பொருத்த வேண்டும். பொருத்தியபின் பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இழுத்துப் பாருங்கள். தூங்கும்போது பிப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் இருக்கை விரிப்பு. வியர்வையும் சிறுநீரும் இருக்கையின் நைலான் துணியில் இறங்கினால் முழு உறையையும் கழற்றித் துவைக்க வேண்டும், பல வண்டிகளில் அது கழற்றவே வராது. விரிப்பு இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், எனவே வாளியைப் பாதியாக்கும் பொருள் இதுதான். செய்தித்தாளை இருக்கையில் அழுத்திப் பரப்பி விளிம்பையும் பெல்ட்டுகள் வெளிவரும் இடங்களையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று. மேலே ஈரிழைத் துணி, அடியில் சாதாரணப் பருத்தி, இரண்டின் தவறான பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குத்துங்கள். பெல்ட்டின் முனையில் இருக்கும் கொக்கியின் அகலத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி ஒவ்வொரு துவாரத்துக்கும் கோடு போடுங்கள். கோட்டைச் சுற்றி ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் நீள்சதுரமாக, நெருக்கமான தையலில் இரண்டு சுற்றுத் தைத்த பிறகே நடுவில் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தை ஜிக்ஜாக்காலோ கையால் காஜா தைப்பது போலவோ அடைத்துவிடுங்கள். வெளி விளிம்புக்கு நான்கு சென்டிமீட்டர் அகலக் கிராஸ் பீஸ் வெட்டிப் பைப்பிங் கொடுத்தால் வளைவிலும் சுருங்காமல் உட்காரும். ஸ்பாஞ்ச் வேண்டாம், பிளாஸ்டிக் அடுக்கும் வேண்டாம். இரண்டும் வியர்வையைக் கூட்டும், முதலாவது பெல்ட்டின் பிடியையும் தளர்த்தும். விரிப்பைப் போட்டபின் பெல்ட் அதன் துவாரங்கள் வழியாக வந்து நேரே குழந்தையின் உடலில் படுகிறதா என்று பார்த்து, நீளத்தை மீண்டும் சரிசெய்யுங்கள். கார் இருக்கைக்கு இந்த விரிப்பைப் பயன்படுத்தவே கூடாது. அந்த இருக்கை எந்தத் துணியோடு சோதிக்கப்பட்டதோ அந்தத் துணியோடுதான் மோதலின்போது சரியாக வேலை செய்யும்.

மூன்றாவது, தோள்பெல்ட் உறை. குழந்தை எட்டிக் கடிக்கும் இடம் இது, எச்சில் ஊறி நாறும் இடமும் இதுதான். 16க்கு 12 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு எடுத்து நல்ல பக்கங்களைச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் உள்தள்ளித் தைத்துத் திருப்பினால் 14க்கு 10 வரும். பெல்ட்டைச் சுற்றி நீளவாட்டில் வெல்க்ரோ வைத்து மூட வேண்டும். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தை மேலே மூடும் மடலின் உட்புறத்திலும் பஞ்சுப் பக்கத்தைக் கீழ் மடலின் வெளிப்புறத்திலும் வையுங்கள், பஞ்சுப் பக்கம் சற்று அகலமாக இருக்கட்டும். அப்போதுதான் அவசரத்தில் கோணலாக ஒட்டினாலும் முரட்டுப் பக்கம் குழந்தையின் கழுத்தில் உரசாது. உறையின் நீளம் பெல்ட்டை இறுக்கும் கொக்கியில் முட்டினால் நீளத்தைக் குறையுங்கள். நான்காவது, வெளியே போகும்போது ஈரத் துணியைப் போட்டு வைக்கும் ஜிப் பை. குடைத் துணியோ ரெயின்கோட் துணியோ 30க்கு 35 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு, மேலே ஒரு ஜிப், மூன்று பக்கம் நேர்த்தையல். தண்ணீர் புகாத துணிக்கு இந்த அத்தியாயத்தில் உள்ள ஒரே வேலை இதுதான். அது முகத்தில் ஒட்டினால் மூச்சடைக்கும் என்பதால் பை குழந்தையின் கைக்கு எட்டாமல் அடிக்கூடையில் இருக்கட்டும். ஸ்ட்ரோலர் என்பதே மடக்கித் தூக்குவதற்கு உருவானது. விமானப் பொறியாளராக இருந்த ஓவன் மெக்லாரன் 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அலுமினிய வண்டியின் புதுமையே அது குடைபோல மடங்கியதுதான். ஆகவே கடைசிச் சோதனையாக, தைத்ததையெல்லாம் மாட்டிய நிலையில் வண்டியை ஒருமுறை மடக்கி விரித்துப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் துணியைத்தான் மாற்ற வேண்டும்.

நேரம்

கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். இருபது நிமிடம் அவ்வப்போது கிடைக்கும். ஆகவே எங்கே நிறுத்தினாலும் கெட்டுப்போகாத வேலையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் துணியைத் துவைத்து இஸ்திரி போடுவது, இன்னொரு நாள் அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டுவது, அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் நேர்த்தையல் மட்டும், அதற்கடுத்து திருப்பி மேல்தையல். நூல் மாற்றுவது, பாபின் சுற்றுவது, டேப்பைத் தேடுவது ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் ஒரு துணிக்கும் ஆறு துணிக்கும் ஒன்றுதான் என்பதால் ஒரே அளவில் பல தைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். இங்கேயும் கொடியின் விதி உதவிக்கு வருகிறது. மூன்று வேண்டும் என்று சொன்னதே மூன்றையும் சேர்த்துத் தைப்பதை லாபமாக்குகிறது. வேலையை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் குண்டூசியை எண்ணி டப்பாவில் போடுங்கள். ஏற்றுமதித் துணி தைக்கும் தொழிற்சாலைகளில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துக் கணக்கில் ஒட்டிய பிறகே புது ஊசி கொடுப்பது வழக்கம். குழந்தைத் துணிக்கு வீட்டிலும் அதே கண்டிப்பு தேவை. முனை கிடைக்கவில்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். கையுறை, காலுறை மாதிரி விரல் நுழையும் எதைத் தைத்தாலும் உள்பக்க நூல் நுனிகளை ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு நூல் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நிற்கும், குழந்தை ஏன் அழுகிறது என்பதும் வெளியே தெரியாது.

எதிர்க் கேள்விகள்

கடையில் இவையெல்லாம் மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்த மெனக்கெடல் என்பது முதல் ஆட்சேபம். நியாயமானதுதான். பிப்பும் வாய்த்துடைப்பானும் பண்டல் பண்டலாக விற்கின்றன. உங்கள் நேரத்துக்கு விலை போட்டால் அவற்றை வாங்குவதே லாபமாகக்கூட இருக்கலாம். வீட்டில் புதுத் துணி, ஜிப், வெல்க்ரோ எல்லாம் வாங்கித் தைத்தால் காசு மிச்சமாகும் என்று இந்த நூல் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டியின் ஐந்து துவாரங்களுக்குப் பொருந்தும் விரிப்பு, ஸ்பாஞ்ச் இல்லாமல், ஒரே அளவில் மூன்று என்பது கடையில் சுலபமாகக் கிடைக்காது. கடைக்காரர் பார்வைக்கு நன்றாயிருப்பதை விற்கிறார், பார்வைக்கு நன்றாயிருக்கத் திண்டு புடைப்பாக இருக்க வேண்டும். துவைப்பவருக்கு வேண்டியது நேர் எதிரானது. எனவே முடிவை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய வேட்டி இருந்தால் வாய்த்துடைப்பானைத் தையுங்கள், இல்லாவிட்டால் வாங்குங்கள்; விரிப்பையும் பெல்ட் உறையையும் தையுங்கள். மெஷின் இல்லாத வீட்டில் செய்தித்தாள் அச்சை எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லரிடம் போனாலும் இதே பலன் கிடைக்கும். அச்சும் துணித் தேர்வும் உங்களுடையதாக இருப்பதுதான் முக்கியம், தையல் யாருடையது என்பது அடுத்தபட்சம்.

வீட்டில் தைத்ததை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லையே என்பது இரண்டாவது ஆட்சேபம், இதுவே கனமானது. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றிருக்க, நம் மெஷினிலிருந்து வரும் துணிக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை. அதனால்தான் எல்லைக்கோட்டைத் தைக்கும் முறைக்கு முன்னால் வைத்தோம். எடையைத் தாங்கும் பொருள் அறுந்தால் குழந்தை விழும். மூச்சுக்கு அருகே இருப்பது நழுவினால் மூச்சடைக்கும். விரிப்பின் தையல் விட்டால் விரிப்பு மட்டும் வீணாகும். தோற்றால் என்ன நேரும் என்று கேட்டு, துணி மட்டும் வீணாகும் என்று பதில் வரும் பொருளை மட்டும் நம் கையில் எடுத்துக்கொண்டால் சோதனைக்கூடம் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். தொங்கும் பொம்மையும் தலையணையும் தூக்கிச் சுமக்கும் பையும் அந்தக் கேள்வியில் தேறாது.

மூன்றாவதாக, நம் ஊர்த் தெருவில் ஸ்ட்ரோலரைத் தள்ளவே முடியாதே என்பார்கள். நடைபாதை உடைந்தும் கடைகள் அடைத்தும் கிடக்கும் இடங்களில் அது உண்மை. ஆனால் வண்டி இங்கே வேறு விதமாகப் பயன்படுகிறது. அடுக்குமாடி வளாகத்துக்குள், பூங்காவில், ரயில் நிலைய நடைமேடையில், கல்யாண மண்டபத்தில், சமையலறை வாசலில் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதில். இவற்றில் பலவும் வீட்டிலிருந்து தள்ளி, மாற்றுத் துணிக்கு ஓட முடியாத இடங்கள். அங்கே கைகொடுப்பது பையில் மடிந்திருக்கும் இன்னொரு மெல்லிய விரிப்புதான். அழகு வேண்டாமா என்றால், தாராளமாக வேண்டும். சுங்குடிப் புள்ளியும் கட்டம் போட்ட கைத்தறியும் தட்டையான துணியிலேயே அழகுதான். ஓரப் பைப்பிங்கை வேறு நிறத்தில் கொடுக்கலாம். சலவையைக் கூட்டாத அழகு எதற்கும் தடை இல்லை. சுருக்கு, குஞ்சம், பஞ்சு என்று கனம் கூட்டும் அழகுக்குத்தான் தடை.

ஆகவே தொடங்குபவர்கள் துணிக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் துவைக்கும் வாளியைக் கவனியுங்கள். எது தினமும் வருகிறது, எது காயாமல் மறுநாளும் கொடியில் கிடக்கிறது, எது இல்லாமல் யாராவது ஓடிப்போய்த் தேடினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் வரும் பொருளே நீங்கள் முதலில் தைக்க வேண்டியது, அதையும் மூன்றாக. பட்டியலில் வராத எதற்கும், படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் இருபது நிமிடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.